உடன்பிறந்த இருவரைத் தத்தெடுக்கிறீர்களா? காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி அங்கேயே இருக்கும் நம்மவர்கள் சிலர், இந்தியாவிலிருந்து அக்கா தம்பியையோ அண்ணன் தங்கையையோ தத்தெடுக்கச் சம்மதம் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருப்பார்கள். இது அவர்களுக்காக. சம்மதம் சொன்ன நாளுக்கும் இருவரையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே மாதக்கணக்கில் ஓடிவிடும். அத்தனை மாதங்களையும் ஃபைல் யார் மேசையில் இருக்கிறது என்று விசாரிப்பதிலேயே கழித்துவிடாதீர்கள். பிள்ளைகள் வந்த பிறகு உட்கார்ந்து யோசிக்கவே நேரம் இருக்காது. அதுவும் ஒரே நாளில் இருவருக்குப் பெற்றோர் ஆகப் போகிறீர்கள்.

முதலில் காகிதங்கள் போகும் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள், பாதிப் பதற்றம் அதிலேயே குறைந்துவிடும். ஐ-800ஏ என்பது அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குப் போடும் விண்ணப்பம், நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்களா என்று பார்ப்பது. பிள்ளைகள் யார் என்று முடிவானதும் ஆளுக்கொரு ஐ-800 விண்ணப்பம் போட வேண்டும், உடன்பிறந்தவர்கள் என்றால் இரண்டாவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதற்குத் தற்காலிக ஒப்புதல் வந்து, விசா விண்ணப்பமும் போன பிறகு, பிள்ளைகள் அமெரிக்கா வரத் தடையில்லை என்று அமெரிக்கத் தூதரகம் ‘ஆர்டிகிள் 5’ கடிதம் கொடுக்கும். அப்புறம் டெல்லியில் இருக்கும் காரா, அதாவது மத்தியத் தத்தெடுப்பு ஆணையம், என்ஓசி எனும் ஆட்சேபணையில்லாச் சான்று தரும். அதை வைத்துக் காப்பகம் மாவட்ட ஆட்சியரிடம் மனு போடும். முன்பு இது நீதிமன்றத்துக்குப் போகும், 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியர்தான் ஆணை பிறப்பிக்கிறார். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அந்தத் தேதியை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். ஆணைக்குப் பிறகு, தத்தெடுப்பு சர்வதேச ஒப்பந்தப்படி நடந்தது என்று காரா தரும் கன்ஃபார்மிட்டி சான்றிதழ், பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, கடைசியாக விசா.

இந்த வரிசையை மாற்றவே கூடாது. ‘முதலில் ஊருக்குப் போய் ஆணையை வாங்கிவிடலாம், அமெரிக்கக் காகிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், விசாவே சிக்கிக்கொள்ளும். என்ஓசி வந்த பிறகு, ஆணைக்குக் காத்திருக்கும் நாள்களில், இந்தியாவுக்குள்ளேயே பிள்ளைகளை உங்களோடு வைத்துக்கொள்ள விதிகளில் இடம் இருக்கிறது. வேலையில் அவ்வளவு நாள் விடுப்பு கிடைக்கும் என்றால் கட்டாயம் கேளுங்கள்.

இன்றைக்கே உங்கள் ஹோம் ஸ்டடியை, அதாவது சமூகப் பணியாளர் உங்கள் குடும்பத்தையும் வீட்டையும் பார்த்து எழுதிய அறிக்கையை, எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். எத்தனை குழந்தைகளுக்கு ஒப்புதல், எந்த வயது வரை. ‘ஒரு குழந்தை, ஆறு வயது வரை’ என்று எழுதியிருக்கும்போது நீங்கள் சம்மதித்த பெரியவளுக்கு எட்டு வயது என்றால், உடனே அதைத் திருத்த வேண்டும். ஐ-800ஏ ஒப்புதலுக்கு ஆயுள் 15 மாதம். பிள்ளைகளுக்கும் காத்திருக்கும்போதே வயது ஏறுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். எல்லாக் கெடு தேதிகளையும் ஒரே காகிதத்தில் எழுதி, இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனி ஃபைல் போட்டு, பெயரின் எழுத்துக்கூட்டும் பிறந்த தேதியும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் காகிதத்தில் ஓர் எழுத்து மாறினாலும் இருவரும் சேர்ந்தே காத்திருக்க வேண்டிவரும்.

மருத்துவ அறிக்கைகளைத் தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். விசாவுக்கு முன் இரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை உண்டு. நுரையீரல் படத்தில் சந்தேகம் வந்து சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினால் இரண்டு மாதம் தள்ளிப்போகலாம். ஒருவருக்கு அப்படி ஆனால் மற்றவரை மட்டும் முன்னால் கூட்டிவருவதா என்ற கேள்வி வரும். என்னைக் கேட்டால், கூடாது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சொந்தம் என்று இதுவரை இருந்தது அவர்கள் ஒருவருக்கொருவர் மட்டும்தான். தடுப்பூசி பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு, வந்து 30 நாளில் போடுகிறேன் என்று உறுதிப் பத்திரம் கொடுத்துவிடலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. உடன்பிறந்தவர்களில் பெரிய பிள்ளை பல நேரம் சின்னதுக்கு அம்மாவாகவே இருந்திருக்கும். ஊட்டியிருக்கும், கழுவிவிட்டிருக்கும், இரவில் அழுதால் எழுந்து தட்டிக்கொடுத்திருக்கும். நீங்கள் வந்த முதல் நாளே ‘இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் விளையாடு’ என்றால் அந்தக் குழந்தைக்கு அது விடுதலையாகத் தெரியாது, தன்னிடம் இருந்த ஒரே பொறுப்பையும் பிடுங்கிக்கொண்டதாகத்தான் தெரியும். அதனால் காப்பகத்துக்கு உங்கள் தத்தெடுப்பு ஏஜென்சி வழியாக இப்போதே கேள்விகள் அனுப்புங்கள். சின்னவன் யார் பக்கத்தில் படுக்கிறான், யார் ஊட்டினால் சாப்பிடுகிறான், பயந்தால் யாரிடம் ஓடுகிறான், பெரியவளுக்கு என்று ஒரு தோழி இருக்கிறாளா, அவள் தனக்காக ஏதாவது கேட்பதுண்டா. பதிலை வைத்து முதல் சில வாரங்களைத் திட்டமிடுங்கள். ஆரம்பத்தில் ஒரே அறை போதும், பெரியவள் ஊட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பரிமாறுங்கள். அவளையும் ஒருவர் கவனிக்கிறார் என்று அவளுக்குத் தெரிய நாளாகும்.

அவர்கள் பேசும் மொழி எது என்று கேட்டீர்களா? ‘இந்தியப் பிள்ளைகள்தானே, நம் வீட்டில் தமிழ் பேசினால் பழகிவிடும்’ என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒடிசாவிலோ மகாராஷ்டிரத்திலோ வளர்ந்த குழந்தைக்குத் தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவு அந்நியம். பசி, வலி, பாத்ரூம், பயமாக இருக்கிறது, தம்பி இங்கேதான் இருக்கிறான், நாளைக்கும் நான் இருப்பேன் என்று இத்தனையையும் அவர்கள் மொழியில் சொல்லப் பழகுங்கள். அந்த மொழி பேசும் குடும்பம் உங்கள் ஊரிலேயே இருக்கும், தேடிப்பிடித்து வையுங்கள். ஏஜென்சி அனுமதித்தால், வீடு, கட்டில்கள், உங்கள் முகங்கள் இருக்கும் ஆல்பத்தை ஆளுக்கொன்றாக இரண்டு செய்து அனுப்புங்கள். ஒன்றை வைத்து இருவரும் இழுத்துக்கொள்ள வேண்டாம்.

அவர்கள் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குக்கூடப் போக வேண்டாம். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். பாட்டி தாத்தாவுக்கு ஆசை இருக்கத்தான் செய்யும், ஆணை வரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பண விஷயம். அமெரிக்கக் கூட்டாட்சி விடுப்புச் சட்டத்தில் (எஃப்எம்எல்ஏ) தத்தெடுப்புக்கும் 12 வாரம் உண்டு, சம்பளம் கிடையாது. கணவன் மனைவி இருவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் அந்த 12 வாரத்தை இருவருமாகத்தான் பகிர வேண்டும். தத்தெடுப்பு வரிச் சலுகை ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று கணக்கு, 2025-இல் உச்சவரம்பு 17,280 டாலர். இருவர் என்றால் இரண்டு வரம்பு. வெளிநாட்டுத் தத்தெடுப்பில் அது முடிவாகும் ஆண்டில்தான் கோர முடியும் என்பதால் எல்லா ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

வாரக்கணக்கில் ஒரு தகவலும் வராமல் இருக்கும் காலமும் வரும். அப்போது ‘ஏதாவது தெரிந்ததா?’ என்று எழுதினால் ‘இன்னும் இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘ஆர்டிகிள் 5 கடிதம் காராவுக்குப் போய்ச் சேர்ந்த தேதி என்ன, என்ஓசிக்கு இனி எந்தக் காகிதம் பாக்கி?’ என்று கேட்டால் யாராவது ஃபைலைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். கூடவே, பிள்ளைகள் வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று சமூகப் பணியாளர் எழுதும் அறிக்கைகளையும் இப்போதே பேசி வையுங்கள். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆக ஒரு பிள்ளைக்கு ஆறு. சமூகப் பணியாளர் வரும்போது இருவரையும் சேர்த்துப் பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், பெரியவளோடு தனியாகவும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லுங்கள்.