கிராம்பை வைத்து தெர்னாத்தே, திதோரே கதையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மொரிஷியஸில் தமிழ் வகுப்பு எடுக்கிற என்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கிராம்பைக் கொடுத்து நகத்தால் அழுத்தச் சொல்லுங்கள். எண்ணெய் கசிந்தால் நல்ல சரக்கு. அது விரியாத மொட்டு, செம்மை ஏறும்போது பறித்து வெயிலில் காயவைத்தது என்று சொல்லுங்கள்.

அப்புறம் வரைபடம். கிழக்கு இந்தோனேசியாவில், ஹல்மஹேராவின் மேற்குக் கரையோரம் இரண்டு எரிமலைத் தீவுகள்: தெர்னாத்தே, திதோரே. ஒரு காலத்தில் உலகத்துக்கே கிராம்பு இங்கிருந்தும் பக்கத்துச் சில தீவுகளிலிருந்தும்தான் போனது. இரண்டையும் ஆண்டவர்கள் சுல்தான்கள்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இவர்களை வெள்ளைக்காரனுக்குப் பயந்த சிற்றரசர்களாகக் காட்டுவது அநியாயம். தெர்னாத்தே போர்த்துகீசியரோடு சேர்ந்தது. போட்டிக்கு, 1521-இல் வந்த ஸ்பானியரைத் திதோரே வரவேற்றது. 1570-இல் போர்த்துகீசியர் தெர்னாத்தே சுல்தான் ஹைருனைக் கொன்றார்கள். ஹைருனின் மகன் பாபுல்லா போர்த்துகீசியர் கோட்டையை முற்றுகையிட்டு, 1575-இல் அவர்களை வெளியேற்றியே விட்டார். இதைப் பிள்ளைகள் கேட்டே ஆகவேண்டும்.

கிராம்பு வியாபாரம் தங்கள் கையில் மட்டுமே இருக்கவேண்டும் என்று டச்சுக்காரர்கள் 1652-இல் தெர்னாத்தே சுல்தானுக்குப் பணம் கொடுத்துக் கிராம்பு மரங்களை வெட்டவைத்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

சரி, நம் ஊருக்கு வாருங்கள். அப்போது இங்கே பிரெஞ்சு நிர்வாகியாக இருந்த பியேர் புவாவ்ரின் ஏற்பாட்டில், டச்சுக் காவலைத் தாண்டி, 1770-இல் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகள் இங்கே வந்தன. முடிந்தால் பாம்ப்ளெமூஸ் தாவரவியல் தோட்டத்துக்கே அழைத்துப் போங்கள். பெரிய பிள்ளைகள் என்றால் கிராம்பு கப்பலில் போன வழியாக, தெர்னாத்தேயிலிருந்து மலாக்கா, கோழிக்கோடு, ஏடன் வரை கோடு இழுக்கச் சொல்லுங்கள். மொரிஷியஸுக்கான கோடு வேறு நிறத்தில் இருக்கட்டும்.