சிறிய வீட்டுக்கு முதல் பிளானை நீங்களே வரையலாம்

600 சதுர அடியில் ஒரு குடும்பம் நன்றாக வாழலாம். ஆனால் பெரிய வீட்டின் பிளானை எடுத்து ஒவ்வொரு அறையையும் சுருக்கினால் மூச்சு முட்டும். வீட்டின் வடிவத்தில் மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தை உள்ளே ஒரே ஓர் இடத்தில் போடுங்கள். நான் நம்பும் வழி இதுதான்.

படி 1: தாளில் முதலில் அறைகளை எழுதாதீர்கள், உங்கள் ஒரு நாளை எழுதுங்கள். காலையில் யார் எங்கே உட்காருகிறார்கள், பிள்ளைகள் எப்போது படிக்கிறார்கள், துணி எங்கே மடிக்கிறீர்கள்? வேறு வேறு நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகளுக்கு ஒரே இடம் போதும்.

படி 2: ஒரு செவ்வகம் போடுங்கள். 20க்கு 30 அடி என்றால் பரப்பு 600 சதுர அடி, வெளிச்சுவரின் மொத்த நீளம் 100 அடி. சரி, அதையே 'ட' வடிவத்தில் கட்டினால்? 30க்கு 30 சதுரத்தில் ஒரு மூலையில் 15க்கு 20 அடியை வெட்டி எடுங்கள். பரப்பு அதே 600தான், சுவர் மட்டும் 120 அடி. அந்த 20 அடிக்கும் அஸ்திவாரம், பூச்சு, பெயின்ட் எல்லாம் உண்டு. சாய்வுக் கூரை என்றால், இரண்டு சரிவுகள் சேரும் உள்மூலையில் மழைநீர் கூடும். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

படி 3: சமையலறையும் குளியலறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வரட்டும். குழாய் நீளம் குறையும்.

படி 4: நடைவழியைக் குறையுங்கள். 3 அடி அகலத்தில் 15 அடி நடைவழி 45 சதுர அடியைத் தின்றுவிடும். அதைக் கூடத்தோடு சேர்த்துவிடலாம். ஆனால் கதவு வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். எதிரெதிர் மூலைகளில் கதவு வைத்தால் ஆட்கள் குறுக்கே நடந்து நடந்து கூடம் முழுவதும் பாதையாகிவிடும், நாற்காலி போட இடம் இருக்காது. எல்லாக் கதவையும் ஒரே பக்கமாக ஒதுக்குங்கள்.

படி 5: செவ்வகத்துக்கு நான்கு மூலைகள். அதிக நேரம் புழங்கும் அறைகளை மூலைகளில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் சன்னல் கிடைக்கும். ஒரே பக்கம் சன்னல் இருந்தால் அதன் அருகே கண் கூசும், எதிர் மூலை இருட்டாக இருக்கும். இரண்டு பக்கம் என்றால் வெளிச்சம் பரவும், காற்றும் உள்ளே வந்து வெளியேறும். அறை பெரிதாகத் தெரிவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

படி 6: இப்போது அந்த ஓர் இடம். வீட்டில் எல்லோரும் வந்து நிற்கும் சன்னலைத் தேர்ந்தெடுத்து, அதன் அடியில் ஒரு திண்ணை கட்டுங்கள். ஒன்றரை அடி உயரம், இரண்டு அடி ஆழம், ஒருவர் கால் நீட்டும் நீளம். கீழே இழுப்பறை வைத்தால் ஓர் அலமாரி மிச்சம். படி 2-இல் மிச்சமான பணத்தில் நல்ல மரம் வாங்கி இதற்குப் போடுங்கள். கை தினமும் தொடும் இடம் இது. முகப்பில் ஒட்டும் அலங்காரத்தை ஒரு மாதத்தில் கண் மறந்துவிடும்.

படி 7: வெட்டவெளியில் சுண்ணாம்புக் கோட்டால் வீட்டை முழு அளவில் வரையுங்கள். கட்டிலின் அளவையும் போட்டு, சுற்றி இரண்டரை அடி விட்டு நடந்து பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அந்தக் கோட்டை அழித்து அரை அடி நகர்த்துங்கள். குடும்பத்தில் எல்லோரும் நடந்து பார்த்த அப்புறம் பிளானைப் பொறியாளரிடம் கொண்டுபோங்கள். அஸ்திவாரமும் கூரையும் அவர் கணக்குப்படிதான்.