லேப்பிலும் சபையிலும் ஒரே ஆளாக இருக்க

சிங்கப்பூரில் கென்ட் ரிட்ஜிலோ ஜூரோங் வெஸ்ட்டிலோ பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி செய்துகொண்டு ஞாயிறு தமிழ் ஆராதனைக்குப் போகிற பலர் இரண்டு வாழ்க்கை வாழப் பழகிவிடுகிறார்கள். லேப்பில் விசுவாசத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, சபையில் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. இதைச் சரிசெய்யப் பெரிய தத்துவம் படிக்க வேண்டியதில்லை. சில பழக்கங்கள் போதும்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு ‘எப்படி நடக்கிறது’, ‘எதற்காக இருக்கிறது’, ‘செய்யலாமா’ என்று தலைப்பிடுங்கள். உங்களைக் குழப்புகிற கேள்வியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பாருங்கள். கரு ஸ்டெம் செல் (தொடக்கநிலைக் கருவிலிருந்து எடுக்கப்படும், பல வகைச் செல்லாக மாறக்கூடிய செல்) எப்படி நரம்பு செல்லாகிறது என்பது முதல் கட்டம், அந்தக் கருவைப் பயன்படுத்தலாமா என்பது மூன்றாவது. சண்டை பெரும்பாலும் ஒரு கட்டத்துக் கேள்விக்கு இன்னொரு கட்டத்திலிருந்து பதில் சொல்லும்போதுதான் வருகிறது.

அடுத்தது, விளங்காத இடத்தில் கடவுளை வைக்காதீர்கள். கோள்களின் பாதை கெட்டுப்போகாமல் கடவுள் அவ்வப்போது திருத்த வேண்டும் என்று நியூட்டன் நினைத்தார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துக் கணிதவியலாளர் லாப்லாஸ் கணக்குப் போட்டு, அந்தத் திருத்தம் தேவையில்லை என்று காட்டினார். விளங்காத அந்த இடைவெளி அடைபட்டால் அங்கே வைத்த கடவுளும் வெளியேற வேண்டியதாகிறது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமெத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, லெமெத்ர் அதை விரும்பவில்லை. கட்டுரை எழுதும்போது உரைகல் இதுதான்: உங்கள் செய்முறையையும் முடிவையும் பக்கத்து மேசையில் இருக்கும் முஸ்லிம் நண்பரும் மதமில்லாதவரும் அப்படியே செய்து பார்த்துச் சரிபார்க்க முடிய வேண்டும்.

மனசாட்சிக் கேள்விதான் அதிகக் கவனம் கேட்பது. லேப்பில் சேரும் முன்பே எந்த செல் லைன் (லேப்பில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கப்படும் செல் வகை) பயன்படுத்துகிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விற்பனையாளரின் பட்டியலில் மூலம் எழுதியிருக்கும். எங்கும் புழங்கும் ஹெச்.ஈ.கே. 293 என்ற செல் லைன், உறுப்புகள் உருவாகிவிட்ட ஒரு மனிதக் கருவின் சிறுநீரகத் திசுவிலிருந்து 1973இல் நெதர்லாந்தின் லைடனில் உருவாக்கப்பட்டது. அது கரு ஸ்டெம் செல் அல்ல; பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2007இல் மனிதத் தோல் செல்லிலிருந்து செய்து காட்டப்பட்ட ஐ.பி.எஸ். செல்களுக்கு (ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பப்பட்ட சாதாரண செல்கள்) கருவே தேவையில்லை. எதை ஏற்பது என்பதில் கிறிஸ்தவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, ஆகவே உங்கள் எல்லையை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருவரும் மனசாட்சிக்கு விரோதமாக மனித ஸ்டெம் செல் ஆய்வில் பங்கேற்கக் கடமைப்பட்டவர் அல்ல என்று சிங்கப்பூரின் உயிரியல் அறநெறி ஆலோசனைக் குழு 2002 அறிக்கையிலேயே பரிந்துரைத்தது. கருவை 14 நாளுக்கு மேல் உடலுக்கு வெளியே வளர்க்க 2004 சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் சட்டம் விடுவதெல்லாம் உங்கள் மனசாட்சியும் விடும் என்றில்லை. சூப்பர்வைசரிடம் இரண்டே வரியில் சொல்லுங்கள்: “இந்தப் பகுதியை என்னால் செய்ய முடியாது. இந்த வேறு பகுதியை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.” ஓராண்டு கழித்துச் சொன்னால் ஆய்வு மானியமும் சக ஆய்வாளர்களின் உழைப்பும் வீணாகும். அப்போது உங்கள் மனசாட்சியின் விலையை மற்றவர்கள் கட்டுகிறார்கள்.

ஞாயிறு எளிது. பல செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) மாற்றினால் போதும். வெள்ளியன்று கொஞ்சம் குறைவான அடர்த்தியில் விதைத்து, சனிக்கிழமை மாலை மாற்றிவிட்டால் திங்கள் வரை தாங்கும். தவிர்க்க முடியாத நேரப்புள்ளி வந்தால் முறை மாற்றிக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டிலும் ஹரி ராயாவிலும் நீங்கள் இன்குபேட்டரைப் பார்த்தால், பெரிய வெள்ளியன்று நண்பர் பார்ப்பார். உங்களிடம் மதிப்பெண் வாங்கும் மாணவர்களிடம் மட்டும் மதத்தைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். மறுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இல்லை.

சபையில் பேசக் கூப்பிட்டால் முக்கால் மணி நேரம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள்: அறிவியலுக்கு 15 நிமிடம், வேதப்பகுதிக்கு 10, மீதி முழுவதும் கேள்விகளுக்கு. ‘கருதுகோள்’ (இன்னும் சோதிக்க வேண்டிய ஊகம்) வேறு, ‘கோட்பாடு’ (பல சான்றுகள் தாங்கும் விளக்கம்) வேறு என்று முதலிலேயே விளக்கிவிடுங்கள். பரிணாமம் வெறும் ஊகம் என்ற பேச்சு இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது. குரங்கிலிருந்தா வந்தோம் என்று பெரியவர் யாராவது கேட்டால், குரங்குக்கும் நமக்கும் வெகு காலத்துக்கு முன் பொது மூதாதை இருந்தது என்பதே உயிரியல் சொல்வது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஆதியாகமத்தின் ஆறு நாட்கள் சாதாரண நாட்கள் அல்ல என்று டார்வினுக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் முன்பே சபைப் பிதா அகஸ்டின் எழுதியதையும் சொல்லலாம்.

வேதப்பகுதிக்கு சங்கீதம் 111:2 பொருத்தமானது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் பொறுப்பில் 1874இல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் கேவென்டிஷ் ஆய்வுக்கூடத்தின் வாசலில் இந்த வசனத்தை லத்தீனில் பொறித்தார்கள். தமிழ் வேதாகமத்திலோ, கர்த்தரின் செய்கைகள் அவற்றில் பிரியப்படுகிற எல்லாராலும் ‘ஆராயப்படுகிறவை’ என்று வருகிறது. அந்தச் சொல்லைச் சபையாரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு, உங்கள் ஆராய்ச்சியைச் சொல்லத் தொடங்குங்கள்.