விண்மீன் மண்டலங்களின் பரவலைக் கொண்டு ஈர்ப்புக் கோட்பாட்டைச் சோதிப்பது எப்படி?

பிரபஞ்ச விரிவு முடுக்கம் பெறுகிறது என்று 1998 இல் தெரியவந்தபோது இரண்டு விளக்கங்கள் எழுந்தன: இருண்ட ஆற்றல் ஒன்று இருக்கிறது, அல்லது பெருந்தொலைவுகளில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் பொருந்தவில்லை. விரிவின் வேகத்தை மட்டும் அளந்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துவிட முடியாது. இரண்டும் ஒரே விரிவு வரலாற்றைத் தரக்கூடும். பொருள் திரண்டு கட்டமைப்புகளாக வளரும் வீதத்தில்தான் அவை பிரிகின்றன. ஆகவே அந்த வீதத்தை அளக்க வேண்டும்.

அளப்பதற்கான வழியைச் செம்பெயர்ச்சியே தருகிறது, அதாவது விலகிச் செல்லும் மண்டலத்தின் ஒளி சிவப்பை நோக்கி நகரும் அளவு. ஒரு மண்டலத்தின் தொலைவைச் செம்பெயர்ச்சியிலிருந்து கணிக்கும்போது, விரிவினால் வரும் வேகத்தோடு, அருகிலுள்ள திரளை நோக்கி அது விழும் வேகமும் கலந்துவிடுகிறது. செம்பெயர்ச்சி 0.5 அளவில் நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகம், கணித்த இடத்தைச் சுமார் 1.6 கோடி ஒளியாண்டு நகர்த்திவிடும். திரளுக்கு முன்னால் இருப்பது நம்மைவிட்டு விலகி விழுவதால் தள்ளியும், பின்னால் இருப்பது நம்மை நோக்கி விழுவதால் கிட்டவும் தெரிய, முழுத் திரளும் பார்வைக்கோட்டின் திசையில் நசுங்கியதுபோல் காட்சியளிக்கும். இந்த நசுக்கத்தின் அளவு வளர்ச்சி வீதத்தைக் கூறும் என்பதை நிக் கைசர் 1987 இல் கணித முறையில் காட்டினார்.

தொடங்குவோருக்குப் பொதுவெளியில் கிடைக்கும், பாஸ் (BOSS) எனும் செம்பெயர்ச்சி அளவீட்டு ஆய்வின் மண்டலப் பட்டியலையே பரிந்துரைப்பேன். நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட்டில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியால் திரட்டப்பட்ட அதில் ஏறத்தாழ 12 லட்சம் மண்டலங்கள் உள்ளன. அதனோடு வரும் தற்போக்குப் பட்டியலையும், அதாவது குறிப்பின்றித் தூவிய புள்ளிகளின் பட்டியலையும், மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அது அதே வானப்பரப்பையும் அதே ஆழத்தையும் கொண்டிருக்கும், ஆனால் திரட்சி சிறிதும் இராது. இணைகளை எண்ணி, லாண்டி, சலே இருவரும் 1993 இல் தந்த மதிப்பீட்டால் ஒட்டுறவுச் சார்பை, அதாவது ஒவ்வொரு இடைத்தொலைவிலும் இணைகள் தற்போக்கைவிட எவ்வளவு மிகுதி என்பதைப் பெறுக: மண்டல இணைகளிலிருந்து மண்டலமும் தற்போக்குப் புள்ளியும் சேர்ந்த இணைகளை இருமடங்காகக் கழித்து, தற்போக்கு இணைகளைக் கூட்டி, தற்போக்கு இணைகளாலேயே வகுக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணிக்கையையும் முதலில் மொத்த இணைகளால் வகுத்துச் சமப்படுத்துவது அவசியம்.

எடைகளில்தான், அதாவது எண்ணும்போது ஒவ்வொரு மண்டலத்துக்கும் தரும் மதிப்பில்தான், பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பாஸ் ஆய்வில் அலுமினியத் தட்டில் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையால் பொருத்தினார்கள். ஒரே தட்டில் 62 வில்நொடிக்குள் (ஒரு வில்நொடி என்பது பாகையின் 3600 இல் ஒரு பங்கு) இரு இழைகளைப் பொருத்த முடியாது என்பதால், நெருங்கிய இரட்டைகளில் ஒன்று அளக்கப்படாமல் போனது. அதன் எடை அண்டை மண்டலத்துக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. இதை விட்டுவிட்டால் அடர்ந்த பகுதிகளின் திரட்சி குறைவாகத் தெரியும்.

அடுத்து, பார்வைக்கோட்டோடு ஆகும் கோணத்தின்படி ஒட்டுறவைப் பிரித்து, ஒருமுனைக் கூறையும் (எல்லாத் திசைகளின் சராசரி) நான்முனைக் கூறையும் (நசுக்கத்தைக் காட்டும் திசை வேறுபாடு) கோட்பாட்டோடு பொருத்துங்கள். சிறு தொலைவுகளில், கொத்துகளுக்குள் மண்டலங்கள் தாறுமாறாக ஓடுவதால், நசுக்கத்துக்கு மாறாக நீட்சி தோன்றும். அப்பகுதியை எங்கே வெட்டுவது என்பதை முடிவைப் பார்க்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தவறான தொலைவு அளவுகோலும் வடிவத்தைத் திரிக்கும் என்பதால், அதையும் மாறியாக விட்டுப் பொருத்துவதே முறை.

கிடைக்கும் எண், வளர்ச்சி வீதத்தையும் பொருள் ஏற்றத்தாழ்வின் அளவையும் பெருக்கிய எஃப்-சிக்மா-8. பொதுச் சார்பியலில் வளர்ச்சி வீதம், பருப்பொருள் அடர்த்தி விகிதத்தின் (மொத்த அடர்த்தியில் பருப்பொருளின் பங்கு) 0.55 ஆம் அடுக்குக்கு மிக நெருக்கமானது. செம்பெயர்ச்சி 0.51 இல் அது சுமார் 0.76 ஆகவும், பெருக்கம் 0.47 ஐ ஒட்டியும் வரும். பாஸ் குழு அளந்தது 0.458, பிழை 0.038. இரண்டும் ஒத்துப்போகின்றன.

மாற்றுக் கோட்பாட்டைச் சோதிப்பவர் இதே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. பொதுச் சார்பியலின் சமன்பாட்டை மாற்றியமைக்கும் எஃப்-ஆர், f(R), வகைக் கோட்பாடுகளில் வளர்ச்சி வீதம் தொலைவு அளவுக்கேற்ப மாறுகிறது. பொருத்தும் மாதிரியும், பிழையைக் கணிக்கும் போலிப் பட்டியல்களும் பொதுச் சார்பியலை முன்கொண்டே உருவாக்கப்பட்டவை. ஆகவே அந்த மாற்று ஈர்ப்பு விதியிலேயே ஓட்டிய கணினி உருவகப்படுத்தல்களில், நாம் இட்ட மதிப்பை நம் முறை திருப்பித் தருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் உண்மைத் தரவைத் தொட வேண்டும்.