உங்கள் முதல் போகிமான் டெக்: 60 கார்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

போன ஞாயிறு பெங்களூரு அல்சூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் ஒரு ஷூ டப்பா நிறைய போகிமான் கார்டுகளைத் தரையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மாமா, எல்லாமே ஸ்ட்ராங் கார்டுதான். அப்பவும் ஏன் தோத்துட்டே இருக்கேன்?" என்றான். அவன் டெக்கை, அதாவது ஆட எடுத்துவைத்த கார்டுக் கட்டை, வாங்கி எண்ணினேன். 27 போகிமான் (சண்டை போடுபவை), 25 எனர்ஜி (அடிக்கத் தேவையான சக்தி), 8 டிரெய்னர் (கார்டு எடுக்கவும் தேடவும் உதவுபவை). போகிமான்களில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது.

தோற்பதற்குக் காரணம் இந்த எண்கள்தான். ரம்மியில் எல்லாருக்கும் பொதுவான கட்டு, கைக்கு வந்ததை வைத்து ஆடுகிறோம். இதில் கட்டையே நாம்தான் உருவாக்குகிறோம், அதனால் பாதி ஆட்டம் வீட்டிலேயே நடந்துவிடுகிறது. அன்று மாலை அவனோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் விதிகள், சுருக்கமாக. டெக்கில் சரியாக 60 கார்டு. ஒரே பெயருள்ள கார்டு 4க்கு மேல் கூடாது, பேசிக் எனர்ஜிக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தொடக்கத்தில் கையில் 7 கார்டு. அதில் ஒரு பேசிக் போகிமானாவது (நேரடியாக இறக்கக்கூடிய முதல் நிலைப் போகிமான்) இல்லாவிட்டால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைத்து எடுக்க வேண்டும், அதற்காக எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஆளுக்கு 6 கார்டு பரிசாகக் கவிழ்த்து வைக்கப்படும். எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் ஒரு பரிசு, இஎக்ஸ் என்ற வலுவான வகையை வீழ்த்தினால் பொதுவாக இரண்டு. தன் ஆறையும் முதலில் எடுப்பவருக்கு வெற்றி.

படி 1: டெக் என்ன செய்யும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அவன் எழுதியது இது: "சாரிசார்ட் இஎக்ஸைச் சீக்கிரம் இறக்கி, டெக்கிலிருந்து நெருப்பு எனர்ஜி எடுத்து ஒட்டி, ஒவ்வொரு டர்னும் அடிப்பேன்." 2023இல் வந்த அப்சிடியன் ஃப்ளேம்ஸ் தொகுப்பில் இருக்கும் சாரிசார்ட் அது; சார்மாண்டர், சார்மீலியன் என்ற இரண்டு நிலைகளுக்குப் பிறகு வரும் கடைசி நிலை. கையிலிருந்து அதை இறக்கிப் பரிணமிக்க வைத்ததும், டெக்கிலிருந்து மூன்று பேசிக் நெருப்பு எனர்ஜி வரை தேடி ஒட்டலாம். இனிமேல் எந்தக் கார்டை எடுத்தாலும் அந்த வாக்கியத்துக்கு அது உதவுகிறதா என்று மட்டும் பாருங்கள். உதவவில்லை என்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் டப்பாவுக்குத் திரும்பட்டும். அவனுக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது, மியூடூ என்ற போகிமானைக் கீழே வைக்கவே பத்து நிமிடம் ஆனது.

படி 2: முக்கியக் கார்டுகளின் எண்ணிக்கை

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 60 கார்டில் ஒரு கார்டு 4 பிரதி இருந்தால், தொடக்க 7இல் அதில் ஒன்றாவது வர ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு. நாலும் வைத்தே இவ்வளவுதான் என்றால், ஒன்றே ஒன்று வைத்த கார்டை நம்பி ஆடுவது எப்படி? அது பரிசுக் கார்டுகளுக்குள் போய் மாட்டிக்கொள்ளவும் பத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு, அப்படி மாட்டினால் ஆட்டத்தின் நடுவில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

அதனால் சார்மாண்டர் 4, சார்மீலியன் 2, சாரிசார்ட் 3, ரேர் கேண்டி 4 என்று வைத்தோம். சார்மாண்டர் முதல் கையிலேயே வேண்டும், எனவே நாலு. சாரிசார்டைப் பிறகு தேடி எடுத்துக்கொள்ளலாம், எனவே மூன்று போதும். ரேர் கேண்டி நடுப்படியைத் தாண்டி நேராகச் சாரிசார்டுக்குப் போக உதவும். அதே டர்னில் இறக்கிய சார்மாண்டர் மேல் அதைப் போட முடியாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இப்போது பேசிக் போகிமான்களை எண்ணுங்கள். மொத்தம் 8 இருந்தால் முதல் கையில் ஒன்றாவது வர 65 சதவீதம், அதாவது மூன்றில் ஒரு ஆட்டத்தில் எதிராளிக்கு ஓசியில் ஒரு கார்டு. 12 ஆக்கினால் 81 சதவீதம். நாங்கள் 12 வைத்தோம்: சார்மாண்டர் 4, கார்டு எடுக்கவும் முன்னால் நின்று தாங்கவும் உதவும் வேறு 8. போகிமான் மொத்தம் 17.

படி 3: டிரெய்னர் கார்டுகள்

புதிதாக வருபவர்கள் இங்கேதான் கஞ்சத்தனம் செய்கிறார்கள். டெக்கில் பாதிக்கு மேல் டிரெய்னராகவே இருக்கட்டும், எங்கள் டெக்கில் ரேர் கேண்டியோடு சேர்த்து 36. கையிலிருப்பதைக் கழித்துவிட்டு ஏழு புதுக் கார்டு தரும் புரொஃபசர்ஸ் ரிசர்ச் போன்ற சப்போர்ட்டர்கள் (டிரெய்னரில் ஒரு வகை) எட்டு முதல் பத்து. அல்ட்ரா பால் போலப் போகிமானைத் தேடித் தரும் கார்டுகளும் அதே அளவு. எதிராளி பின்வரிசையில் ஒளித்து வைத்திருப்பதை முன்னால் இழுக்கப் பாஸஸ் ஆர்டர்ஸ் இரண்டு. மிச்ச இடத்தில் போகிமானை மாற்றி நிறுத்துபவையும், கழிந்ததை மீட்பவையும்.

படி 4: எனர்ஜி கடைசியில்

25 எனர்ஜி வைத்தால் முதல் ஏழு கார்டில் சராசரியாக மூன்று எனர்ஜியே வந்து உட்காரும். ஆனால் ஒரு டர்னுக்குக் கையிலிருந்து ஒன்றுதான் ஒட்ட முடியும். இந்தச் சாரிசார்ட் தானே தேடிக்கொள்வதால் 7 போதும். 17, 36, 7. கணக்கு 60 வந்துவிட்டது.

படி 5: இருபது கை

ஆட ஆள் தேவையில்லை. நன்றாகக் கலைத்து ஏழு கார்டு எடுங்கள், இரண்டு டர்ன் தனியாக ஆடிப் பாருங்கள், இரண்டாவது டர்னில் சாரிசார்ட் வந்ததா இல்லையா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இருபது முறை. எந்தக் கார்டு கையில் சும்மா கிடந்தது என்று தானாகத் தெரியும். மாற்றும்போது ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கார்டு மட்டும் மாற்றுங்கள், பத்தை மாற்றினால் எதனால் சரியானது என்றே புரியாது. நான் மெட்ரோவில் ஹூடியிலிருந்து அல்சூர் போகும் நேரத்தில் போகிமான் டிசிஜி லைவ் செயலியில் இதைத்தான் செய்கிறேன், அது இலவசம்.

படி 6: பரிசுக் கணக்கோடு ஆடுங்கள்

உங்கள் சாரிசார்ட் மூன்று விழுந்தால் 2+2+2, ஆட்டம் முடிந்தது. இடையில் ஒரே பரிசு தரும் சின்னப் போகிமான் ஒன்றை முன்னால் நிறுத்தி அதை அடிக்க வைத்தால் 1+2+2 ஐந்துதான் ஆகிறது, எதிராளி நாலாவதாக இன்னொன்றை வீழ்த்தியாக வேண்டும். ஒரு முழு டர்ன் உங்களுக்குக் கிடைக்கிறது. இந்தச் சாரிசார்டின் அடி 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பரிசுக்கும் கூட 30. அவர் நாலு எடுத்திருந்தால் 300. ஆகவே ஆரம்பத்தில் பின்தங்கினால் பதற வேண்டாம். இந்த ஆட்டத்தில் அவசரம் யாருக்கு, பொறுத்திருந்தால் யாருக்கு லாபம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். மேஜிக் என்ற இன்னொரு கார்டு ஆட்டத்தின் ஆட்டக்காரர் மைக் ஃப்ளோரஸ் 1999இல் எழுதிய இந்த யோசனை எல்லாக் கார்டு ஆட்டத்துக்கும் பொருந்துகிறது. மேஜிக்கில் சுற்றுகளுக்கு நடுவே மாற்றிக்கொள்ளத் தனியாக 15 கார்டு வைத்துக்கொள்ளலாம். போகிமானில் அது கிடையாது, இந்த 60தான் எல்லாரையும் சமாளிக்க வேண்டும்.

போட்டிக்குப் போகுமுன்

கார்டின் கீழ் மூலையில் ஒரு சின்ன எழுத்து இருக்கும். ஸ்டாண்டர்ட் போட்டியில் எந்த எழுத்துகள் செல்லும் என்பது அவ்வப்போது மாறும், பழையவை வெளியேறும். அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துவிட்டுக் காசு செலவழியுங்கள். வீட்டில் கற்றுக்கொள்ளப் பழைய கார்டே போதும், இல்லாததைத் தாளில் எழுதிச் செருகியும் ஆடலாம். ரோட்டோரக் கடையில் தங்க நிறத்தில் மின்னும் பாக்கெட்டுகள் போலி, அவற்றைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள். 60 கார்டுக்கும் ஒரே நிற ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போடுங்கள், ஒன்றில் மட்டும் மூலை மடங்கியிருந்தால்கூட அடையாளம் வைத்ததாகக் கேள்வி வரும். கிளம்புமுன் இன்னொரு முறை எண்ணுங்கள். அக்கா மகன் எண்ணியபோது 61 வந்தது, மியூடூ உள்ளே இருந்தது.