மலைச்சரிவில் முதலில் மண்ணைப் பிடித்து வையுங்கள்

வீட்டுக்குப் பக்கத்தில் இருபது பேர்ச்சஸ் சரிவு நிலம் கிடைத்தால் எடுத்தவுடன் கரட்டோ லீக்ஸோ போட்டுவிடாதீர்கள். பாத்தியை மேலிருந்து கீழாக இழுத்தால் தண்ணீர் சுலபமாக வடியும், கூடவே மேல்மண்ணும் போகும். மழை நேரம் கானில் ஓடுகிற தண்ணீரைப் பாருங்கள், பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஓடுவது உங்கள் பசளை.

முதல் வேலை மட்டம் பிடிப்பது. ஆறடிக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, இடையில் ஒரு குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போட்டு, கம்புகளின் கால்களை அப்படியே இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் கயிறு நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அப்புறம் ஒரு காலை ஊன்றி மற்றக் காலைத் திருப்பித் திருப்பி நிலத்தின் குறுக்கே நடந்து, கால்பட்ட இடமெல்லாம் முளை அடித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

அந்தக் கோட்டில் மாட்டுப்புல்லை நெருக்கமாக நடுங்கள், இடையிடையே முள்முருங்கைக் கம்பு. பண்டாரவளைக்குக் கீழே என்றால் கிளிரிசீடியா மரம் நன்றாக வரும், நுவரெலியாக் குளிரில் அது மந்தம். வரிசைக்கு வரிசை நாலைந்து மீட்டர், சரிவு கூடினால் இன்னும் நெருக்கம். ஹட்டன் பக்கம் ஏப்ரல் மழையோடும் பதுளைப் பக்கம் ஒக்டோபர் மழையோடும் நட்டால், பெரிய மழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

புல் வளர்ந்தால் மாடு வைக்கலாம். 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது, மாடு இருந்தும் எங்களுக்கு எரு போதவில்லை. காரணம், அதுவரை குவியலைத் திறந்தவெளியில் போட்டு மழையில் கரையவிட்டிருந்தோம். ஆகவே கூரை கட்டாயம், பழைய தகரம் இரண்டு போதும். தொழுவத் தரையைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டு மூத்திரத்தையும் குவியலுக்கே வடியவிடுங்கள்.

மக்கிய எருவை முதலில் கோவாவுக்கோ லீக்ஸுக்கோ கொடுங்கள், அடுத்த போகம் கரட், அதற்கடுத்தது போஞ்சி. கரட்டுக்குப் பச்சைச் சாணம் போட்டால் கிழங்கு கவர்விட்டுப் போகும், விலையும் போகாது. போஞ்சி முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் வெட்டிவிட்டு, வேரை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.