கம்யூனிட்டி காலேஜில் ஃபைனான்ஸ்: 60 கிரெடிட்டை எந்த வரிசையில் முடிப்பது?

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் அசோசியேட் டிகிரிக்கு, அதாவது இரண்டு வருடப் பட்டத்துக்கு, பொதுவாக 60 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) வேண்டும். செமஸ்டருக்கு 15 எடுத்தால் நான்கு செமஸ்டரில் முடியும். முழுநேர மாணவர் என்ற தகுதிக்கு 12 போதும் என்று அதிலேயே நின்றால், ஐந்தாவது செமஸ்டருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதுதான்.

பாடம் தேர்ந்தெடுக்கும் முன் டிகிரியின் பெயரைப் பாருங்கள். ஏ.ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் அப்ளைட் சயின்ஸ்) என்பது நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அதன் தொழில்பாடங்கள் பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் வெறும் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்றே எடுத்துக்கொள்ளும். சில நேரம் அதுவும் கிடையாது. நாலு வருடப் பட்டத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் சயின்ஸ்) அல்லது ஏ.ஏ. (அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ்) தான் சரி. கலிஃபோர்னியாவில் இதற்கென்றே பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் டிரான்ஸ்ஃபர் டிகிரி இருக்கிறது. அதை முடித்துத் தகுதி பெற்றால் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக வளாகங்களில் எங்காவது ஓர் இடம் உறுதி. கேட்ட வளாகமே கிடைக்கும் என்று பொருளில்லை. கலிஃபோர்னியாவில் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்பதை அசிஸ்ட் (assist.org) இணையதளத்தில் பாருங்கள். நண்பர் சொன்னதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள்.

பலர் சறுக்குவது வரிசையில். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங் முடிக்காமல் மேனேஜீரியல் அக்கவுண்டிங்கில் சேர விடமாட்டார்கள். ஃபைனான்ஸ் பாடத்துக்கும் பெரும்பாலும் அதே நிபந்தனைதான். அதனால் முதல் செமஸ்டரிலேயே அக்கவுண்டிங், ஆங்கிலம், கணிதம் மூன்றையும் தொடங்கிவிடுங்கள். மைக்ரோ, மேக்ரோ எகனாமிக்ஸை செமஸ்டருக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். புள்ளியியலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வரலாறு, பேச்சுக்கலை போன்றவை எந்த இடைவெளியிலும் பொருந்தும்.

ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் வீட்டுப்படிப்பு என்பது கணக்கு. 15 கிரெடிட் என்றால் வாரம் 45 மணி நேரம். கூடவே முழுநேர வேலையும் பார்த்தால், முதலில் அடி வாங்குவது அக்கவுண்டிங்தான். எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டுமே சேரும்.

கடைசியாகக் கால்குலேட்டர். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பி.ஏ. 2 பிளஸ்தான் பல வகுப்புகளில் புழக்கம். 10,000 டாலர் கடன், ஆண்டுக்கு 6% வட்டி, 5 வருடம், மாதத் தவணை என்று வையுங்கள். பி/ஒய் (ஆண்டுக்கு எத்தனை தவணை என்ற அமைப்பு) 1-இல் இருந்தால் தவணை எண்ணிக்கை 60, வட்டி மாதத்துக்கு 0.5, விடை 193.33. அதே நிலையில் வட்டியை 6 என்று போட்டால் 618.76 வரும். பி/ஒய் 12-இல் இருக்கும்போது ஆண்டு வட்டி 6-க்குப் பதில் 0.5 போட்டால் 168.79. இரண்டாவது தவறுதான் ஆபத்தானது; பார்த்தால் சரியான விடை மாதிரியே இருக்கும். வட்டி விகிதம் கண்டுபிடிக்கும்போது எரர் 5 வந்தால், கையில் வந்த பணத்துக்கும் கட்டிய பணத்துக்கும் ஒரே குறி போட்டிருக்கிறீர்கள். ஒன்றை மைனஸ் ஆக்குங்கள். திரையில் பி.ஜி.என். என்று தெரிந்தால் தவணையை மாதத் தொடக்கத்தில் கணக்கிடுகிறது. தேர்வு தொடங்கும் முன் பி/ஒய், பி.ஜி.என். என்ற இந்த இரண்டு அமைப்பையும் பார்த்துவிட்டு உட்காருங்கள்.